லாச்சியிலிருந்து வீட்டுக்குப் போகும் காசு

வன்னியில் சிறு வியாபாரம் செய்யும் பல குடும்பங்களுக்குக் கடை முன்னால், வீடு பின்னால். இடையில் ஒரு கதவுதான். காலையில் பாணும் பருப்பும் வாங்க, பிள்ளையின் ரியூசன் காசு கட்ட, அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டோவுக்குக் கொடுக்க என்று நாள் முழுவதும் கடை லாச்சியிலிருந்து காசு அந்தக் கதவால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அது போவதில் தவறு எதுவும் இல்லை. அதற்காகத்தான் கடையே போட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் காசு எழுதப்படாமல் போனாலும், கடைச் செலவு என்ற பெயரில் எழுதப்பட்டுப் போனாலும், கடை உண்மையில் உழைக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு வருட முடிவில் எவராலும் விடை சொல்ல முடியாது. உரிமையாளர் தன் தேவைக்கு எடுக்கும் இந்தக் காசையும் பொருளையும் கணக்கீட்டில் எடுப்பனவு என்கிறோம். கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் நடத்தும் மா அரைக்கும் மில்லுக்கும் அதோடு சேர்ந்த பலசரக்குக் கடைக்கும் எடுப்பனவை எப்படி எழுதுகிறோம், ஏன் அப்படி எழுதுகிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

நாங்கள் கணக்கு வைப்பது வெறும் உரைக் கோப்பில். நோட்பாட் போன்ற எந்த எழுதுகருவியாலும் திறந்து எழுதக்கூடிய ஒரு கோப்பு அது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் திகதி போட்டு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வரிகளில், கூட்டினால் பூச்சியம் வரும்படி எழுத வேண்டும். அதை வாசித்துக் கூட்டிக் கழித்து அறிக்கை தருவதற்கு ஒரு கணினி நிரல் இருக்கிறது. ஜோன் வீக்லி 2003 இல் வெளியிட்ட லெட்ஜர்தான் இந்த வழியைத் திறந்தது. சைமன் மைக்கேல் 2007 இல் தொடங்கிய ஹெச்லெட்ஜரும், மார்ட்டின் பிளே எழுதிய பீன்கவுன்டும் அதன் வழியில் வந்தவை. மூன்றும் இலவசம். நான் ஹெச்லெட்ஜரைப் பயன்படுத்துவதால் கீழே வரும் உதாரணங்கள் அதற்கு உரியவை. லெட்ஜருக்கும் அவை ஏறத்தாழ அப்படியே பொருந்தும்.

இணையம் இல்லாமலும் பழைய மடிக்கணினியிலும் இது வேலை செய்கிறது என்பது ஒரு வசதி. இதைவிட எனக்கு முக்கியமான காரணம் வேறொன்று. 2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்த எங்கள் சனம் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் வழியில் இழந்தது; கடைக் கணக்குக் கொப்பிகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஒரு வருடக் கணக்கு முழுவதும் ஒரு சின்னக் கோப்பாக இருந்தால் அதைப் பென் டிரைவில் ஒரு பிரதி, வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் மின்னஞ்சலில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளலாம். எழுதிய நிரலே நாளை இல்லாமல் போனாலும் கோப்பைத் திறந்து கண்ணால் வாசிக்கலாம்.

இனி விடயத்துக்கு வருகிறேன். ஒரு கடையின் சொத்துக்களிலிருந்து அது கொடுக்க வேண்டிய பொறுப்புக்களைக் கழித்தால் மிஞ்சுவது உரிமையாளருக்கு உரியது. அதைத்தான் உரிமை என்ற தலைப்பில் எழுதுகிறோம். உரிமை கூடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு: உரிமையாளர் கையிலிருந்து முதல் போடுவது ஒன்று, கடை இலாபம் உழைப்பது மற்றது. குறைவதற்கும் இரண்டு வழிகள்: கடை நட்டப்படுவது ஒன்று, உரிமையாளர் எடுப்பது மற்றது. இந்த நான்கையும் தனித்தனியே வைப்பதில்தான் முழு விடயமும் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்த மூவாயிரத்தைச் செலவு என்று எழுதினால், கடை மூவாயிரம் குறைவாக உழைத்ததாகக் கணக்குச் சொல்லும். கடை அப்படி உழைக்கவில்லை. உழைத்ததில் மூவாயிரத்தை நாம் எடுத்தோம். கடைக்காக நடந்தது செலவு, கடைக்காரருக்காக நடந்தது எடுப்பனவு.

கோப்பில் அது இப்படி இருக்கும்:

2025-02-11 வீட்டுச் சாமான் வாங்க
    உரிமை:எடுப்பனவு:வீடு      3500
    சொத்து:காசு:லாச்சி      -3500

லாச்சியில் 3500 குறைந்தது. அதே 3500 எடுப்பனவில் ஏறியது. கூட்டினால் பூச்சியம். செலவு என்ற தலைப்பு இதில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெச்லெட்ஜரில் முதலும் வருமானமும் கழித்தல் குறியோடு நிற்கும், எடுப்பனவு குறியில்லாமல் நிற்கும். முதலைக் குறைப்பதால் அது எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். சொத்து, பொறுப்பு இரண்டின் மீதிகளோடு உரிமையையும் சேர்த்துக் காட்டும் ஐந்தொகை அறிக்கையை எடுத்தால் நிரல் தானே குறிகளை மாற்றி, முதலை நேர்த்தொகையாகவும் எடுப்பனவை அதிலிருந்து கழிவதாகவும் காட்டிவிடும்.

தமிழில் கணக்குப் பெயர் வைப்பவர்கள் தொடக்கத்திலேயே செய்துகொள்ள வேண்டிய ஒரு வேலை உண்டு. ஆங்கிலப் பெயர்களைப் பார்த்தால் எது சொத்து, எது செலவு என்று ஹெச்லெட்ஜர் தானாக ஊகித்துக்கொள்ளும். தமிழ்ப் பெயரைப் பார்த்து அதனால் ஊகிக்க முடியாது. ஆகவே கோப்பின் தலையில் ஒவ்வொரு மேற்கணக்கையும் (பெயரில் முதல் ':' குறிக்கு முன்னால் நிற்பதை) அறிவித்து, அதன் வகையை ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்க வேண்டும்: சொத்துக்கு ஏ, பொறுப்புக்கு எல், உரிமைக்கு ஈ, வருமானத்துக்கு ஆர், செலவுக்கு எக்ஸ். மேற்கணக்குக்குக் கொடுத்த வகையை அதன் கீழுள்ள கணக்குகள் தாமே பெற்றுக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் இலாப நட்ட அறிக்கையும் ஐந்தொகையும் வெறுமையாக வரும்; புதிதாகத் தொடங்குகிறவர் தமிழே இதற்குச் சரிவராது என்று கைவிட்டு விடுவார். தமிழ் நன்றாகவே சரிவருகிறது. திரையில் எழுத்துக்களின் அகலம் வேறுபடுவதால் தொகைகள் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் அங்குமிங்குமாக நிற்கும். கணக்குக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் எடுப்பனவில்தான் அதிகம் கடிக்கும். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் இடையில் குறைந்தது இரண்டு இடைவெளிகள் இருக்க வேண்டும், ஏனென்றால் பெயருக்குள்ளேயே ஓர் இடைவெளி வரலாம் என்று நிரல் அனுமதிக்கிறது. கைத்தொலைபேசியில் அவசரமாக எழுதும்போது ஒரே இடைவெளி விட்டால், 'வீடு 3500' என்பதையே கணக்கின் பெயராக அது எடுத்துக்கொள்ளும். தொகை இல்லாத வரிக்கு மற்ற வரியைப் பார்த்துத் தொகையைத் தானே நிரப்பிக்கொள்வதால் பிழை என்றும் சொல்லாது. கூட்டுத்தொகை சரியாக இருக்கும், ஆனால் எடுப்பனவின் கீழ் யாரும் வைக்காத ஒரு புதுக் கணக்கு முளைத்திருக்கும். அறிவிக்கப்பட்ட கணக்குகளைத் தவிர வேறெதையும் ஏற்காத கண்டிப்பு முறை ஒன்று ஹெச்லெட்ஜரில் உண்டு. எடுப்பனவின் உட்கணக்குகள் எல்லாவற்றையும் அறிவித்து, எப்போதும் அந்த முறையிலேயே ஓட்டுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

உட்கணக்குகள் எத்தனை என்பது அவரவர் விருப்பம். எடுப்பனவு என்ற ஒரே கணக்கு இருந்தாலே இலாபம் சரியாக வந்துவிடும். ஆனாலும் வீடு, படிப்பு, மருத்துவம், பொருள், கோயிலும் கொண்டாட்டமும் என்று ஐந்தாகப் பிரித்து வைப்பதை நான் விரும்புகிறேன். பக்கத்துக் கடை அக்கா ஒருவருக்கு இதைக் காட்டியபோது, "கடையும் என்ர, காசும் என்ர, பிறகு ஆருக்குத் தம்பி கணக்குக் காட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரிடம் ஒரு மாதத்துக்கு எழுதிப் பார்க்கச் சொன்னேன். மாத முடிவில் அவர் பார்த்தது கடையைப் பற்றிய செய்தியை அல்ல, வீட்டைப் பற்றிய செய்தியை: மூத்தவளின் படிப்புக்குப் போவது வீட்டுச் சமையலுக்குப் போவதைவிடக் கூட. அவர் ஒன்றையும் குறைக்கவில்லை. உயர்தரம் முடியும்வரை அந்தத் தொகை போகத்தான் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, புதுக் குளிர்சாதனப் பெட்டியைத் தவணைக்கு எடுக்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்தார். எடுப்பனவை எழுதுவது எடுப்பதைத் தடுப்பதற்கு அல்ல என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

காசு அல்லாமல் பொருளாக எடுப்பதுதான் கடைக்காரர் வீட்டில் அதிகம் நடப்பது, குறைவாக எழுதப்படுவதும் அதுதான். எங்கள் வீட்டுப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா கடையிலிருந்து போகிறது, மிளகாய்த்தூள் போகிறது, சீனி, தேயிலை, சவர்க்காரம் போகின்றன. எழுதாமல் விட்டால் வருட முடிவில் சரக்கை எண்ணும்போது அவை காணாமல் போனதாக இருக்கும், விற்ற சரக்கின் விலை கூடும், மொத்த இலாபம் இறங்கும். வியாபாரத்தில் இலாபமே வருவதில்லை என்று சொல்லும் சில கடைகளின் இலாபம் அந்த வீட்டுக் குசினியில் இருக்கிறது.

2025-02-22 வறுத்த மா 5 கிலோ வீட்டுக்கு
    உரிமை:எடுப்பனவு:பொருள்      1400
    செலவு:கொள்வனவு      -1400

இங்கே 1400 என்பது எமக்கு அடங்கிய விலை, விற்கும் விலை அல்ல. நமக்கு நாமே விற்று இலாபம் காண முடியாது. அதனால் வருமானக் கணக்கைத் தொடாமல் கொள்வனவிலிருந்தே கழிக்கிறோம். சரக்கைச் சொத்தாக வைத்து ஒவ்வொரு விற்பனையிலும் குறைத்து வருபவர்கள் கொள்வனவுக்குப் பதிலாகச் சரக்குக் கணக்கில் கழிக்க வேண்டும். ஒவ்வொரு சவர்க்காரக் கட்டிக்கும் ஒரு பதிவு எழுதச் சொன்னால் எந்த வீடும் எழுதாது. குசினிக் கதவில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டு, எடுப்பவர் பொருளையும் அளவையும் எழுதிவிட்டு எடுப்பது, ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டி ஒரே பதிவாக ஏற்றுவது என்று வைத்தால் நின்று நிலைக்கும். வீட்டு மிளகாயை மில்லில் அரைத்தால் அதற்கு என்ன எழுதுவது என்று கேட்பவர்கள் உண்டு. அரைப்புக் கூலியை எழுதத் தேவையில்லை; நமது உழைப்பு எடுப்பனவு ஆகாது. கொண்டாட்டத்துக்கு மூட்டைக் கணக்கில் அரைத்தால் மின்சாரத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஏற்றுவது நேர்மை, மற்றப்படி விட்டுவிடலாம்.

மின்சாரத்தைச் சொன்னதால், கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மானி இருக்கும் இடத்தில் பட்டியலை எப்படிப் பிரிப்பது என்பதையும் காட்டிவிடுகிறேன். ஒரு பதிவில் எத்தனை வரியும் வரலாம் என்பது இந்த முறையின் பெரிய நன்மை.

2025-02-20 மின்பட்டியல், கடையும் வீடும்
    செலவு:மின்சாரம்      9800
    உரிமை:எடுப்பனவு:வீடு      4400
    சொத்து:வங்கி      -14200

பங்கு எவ்வளவு என்பதைக் குளிர்பெட்டி, விளக்கு, விசிறி என்று ஒருமுறை நிதானமாகக் கணித்து, அந்த வீதத்தைக் கோப்பிலேயே ஒரு குறிப்பு வரியாக எழுதி, வருடம் முழுவதும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். தொலைபேசி ரீலோட்டுக்கும் மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கும் இதே வழிதான். இலாபம் கூடிய மாதத்தில் கடைக்கு அதிகம், குறைந்த மாதத்தில் வீட்டுக்கு அதிகம் என்று பங்கை அசைத்தால் கணக்கு வைப்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

கோயில் காசு எங்கள் பக்கத்தில் தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கோ, ஊர்ப் பிள்ளையாரின் திருவிழாவுக்கோ கடையிலிருந்து ஒரு தொகை போகும். குடும்பத்தின் பெயரில் செய்யும் உபயம் எடுப்பனவு. அதில் எனக்கு ஐயமே இல்லை. தண்ணீர்ப் பந்தலில் கடையின் பெயரைப் போட்ட பதாகைக்குக் கொடுத்தது விளம்பரச் செலவு. இரண்டும் கலந்த தொகையை எடுப்பனவாகவே எழுதுங்கள் என்பது என் கருத்து. ஐயம் வரும் இடமெல்லாம் எடுப்பனவின் பக்கம் சாய்ந்தால், கடைச் செலவாக நிற்பவை எல்லாம் உறுதியாகக் கடைச் செலவாக இருக்கும்.

லாச்சியிலிருந்து வெளியே போகும் எல்லாம் எடுப்பனவு என்றும் நினைக்கக் கூடாது. சீட்டுக்குக் கட்டுவது அப்படி ஒன்று. கட்டும்போது அது திரும்பி வரவேண்டிய காசு, ஆகவே சொத்து. சீட்டை எடுக்கும் மாதத்தில் அந்தக் காசு கடைச் சரக்குக்குப் போனால் ஒரு சொத்து இன்னொரு சொத்தாக மாறுகிறது, வீட்டுக் கூரைக்குப் போனால் அன்றுதான் எடுப்பனவு. எதிர்த்திசையில் வருவதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரம் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் காசு விற்பனை அல்ல. கடையைப் பெருப்பிக்க அனுப்பித் திருப்பிக் கேட்கமாட்டார் என்றால் உரிமையாளர் இட்ட முதல். திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் பொறுப்பு. அம்மாவின் மருந்துக்கென்று அனுப்பினால், அது கடைக்கு உரியதே அல்ல. 'பொறுப்பு:அம்மாவின் காசு' என்று ஒரு கணக்கில் இறக்கி, கொடுக்கும்போது அதிலிருந்து கழித்துவிட வேண்டும். மனைவியின் நகையை அடகு வைத்துச் சரக்கு இறக்கினால், கடன் கடையின் பொறுப்பு, வட்டி கடையின் செலவு. அதே அடகுக் காசு கல்யாணத்துக்குப் போனால் அதைக் கடைக் கோப்பில் எழுதவே வேண்டாம், பின்னர் கடையிலிருந்து கட்டும் முதலும் வட்டியும் எடுப்பனவு.

மாலையில் லாச்சியை எண்ணும்போது வரும் வித்தியாசத்துக்கு வருகிறேன். கோப்பில் ஒரு நாளின் முடிவில் லாச்சியில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று உறுதி வரி ஒன்று எழுதலாம்:

2025-02-22 லாச்சி எண்ணியது
    சொத்து:காசு:லாச்சி      0 = 21350

கணக்குப்படி லாச்சியில் 21350 இல்லாவிட்டால் நிரல் அந்த வரியிலேயே நின்று, வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லிவிடும். குறைவு 600 என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் ஞாபகம் இல்லை. குடும்பத்தவர் மட்டும் கைவைக்கும் லாச்சி என்றால் நான் அதை 'எடுப்பனவு:தெரியாதது' என்ற கணக்கில் எழுதுவேன், ஏனென்றால் அது வீட்டுக்குப் போயிருப்பதற்கே சாத்தியம் அதிகம். சம்பளத்துக்கு ஆள் நிற்கும் கடையில் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே அது மீதிக் காசு பிழையாகக் கொடுத்ததாகவும் இருக்கலாம், களவாகவும் இருக்கலாம். 'செலவு:காசுக் குறைவு' என்று வெளிச்சமாக எழுதி வைத்தால்தான் அது வளர்கிறதா என்று தெரியும். எந்த வகையிலும் விற்பனையைக் குறைத்து எழுதிச் சமன் செய்வதை மட்டும் செய்ய வேண்டாம்.

இவையெல்லாம் எழுதும் முறை. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வன்னியில் போகத்தைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது, இதைப் பற்றிக் கணக்கீட்டுப் பாடப்புத்தகங்களில் அதிகம் இல்லை. பெரும்போக விதைப்பு மழையோடு ஐப்பசியில் தொடங்குகிறது. அறுவடை தையில் தொடங்கிப் பங்குனி வரை நீளும். அந்த இடைக்காலத்தில் வயற்காரர் குடும்பங்கள் கடன் கொப்பியில்தான் வாங்கும், அறுத்து விற்றதும் கொண்டுவந்து கட்டும். கடையின் இலாபம் ஒரு காலத்தில் பிறக்கிறது, காசு இன்னொரு காலத்தில் வருகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கார்த்திகையிலிருந்து தை வரை 6 இலட்சத்துக்கு விற்பனை, விற்ற சரக்கு அடங்கிய விலை 5 இலட்சம், மற்றச் செலவு 40,000, இலாபம் 60,000. ஆனால் விற்பனையில் இரண்டரை இலட்சம் கடன் கொப்பியில் நிற்கிறது, கையில் வந்தது மூன்றரை இலட்சம்தான். சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்கு 3 இலட்சம் கொடுத்தாயிற்று, 2 இலட்சம் பாக்கி. 40,000 செலவும் போனால் லாச்சியில் மிச்சம் 10,000. இலாப நட்ட அறிக்கை 60,000 என்கிறது, லாச்சி 10,000 என்கிறது, வீட்டுக்கு மாதம் இருபதாயிரம் வேண்டும். இந்த மாதங்களில் வீடு எடுக்கும் காசு உண்மையில் மொத்த வியாபாரியின் காசு. அவருக்கான தவணையைத் தள்ளிவைத்தே அதை எடுக்கிறோம்.

பங்குனியில் நிலைமை தலைகீழாகிறது. கொப்பிக் கடன் இரண்டரை இலட்சமும் ஒரு சில கிழமைக்குள் வந்து சேர்கிறது; லாச்சி நிரம்புகிறது. கல்யாணங்களும் வீட்டுத் திருத்த வேலைகளும் அந்தக் காலத்தில்தான் வரும், காசு இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்தில் 2 இலட்சம் மொத்த வியாபாரியுடையது. கொடுத்து முடித்தால் நமக்கு மிஞ்சுவது அதே 60,000, ஐப்பசிக்குப் பிறகு வீட்டுக்கு ஏற்கனவே எடுத்தது அதிலிருந்தும் கழியும். சிறு கடைகள் விழுவதை நான் கண்ட இடமெல்லாம் அது நடந்தது விற்பனை மந்தமான மாதத்தில் அல்ல, இந்தப் பங்குனி மாதத்தில். ஆகவே எடுப்பனவை மாத இலாபத்தோடு ஒப்பிடாமல் போகத்தோடு ஒப்பிட வேண்டும். புரட்டாசி முதல் பங்குனி வரை ஒரு காலம், சித்திரை முதல் ஆவணி வரை ஒரு காலம் என்று திகதி எல்லை கொடுத்து, இலாபத்தையும் எடுப்பனவையும் அருகருகே எடுத்துப் பார்க்கிறேன். அதற்கு நிரலில் புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. தொடக்கத் திகதியையும் முடிவுத் திகதியையும் கொடுத்தால் போதும். பங்குனியில் பெரிய தொகை எதையும் எடுப்பதற்கு முன்னர் பொறுப்புக் கணக்குகளின் மீதியையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கிடைக்கும் இடங்களில் சிறுபோகமும் செய்வார்கள், அங்கே இந்த ஏற்ற இறக்கம் சற்றுத் தணிந்திருக்கும். மானாவாரியை நம்பிய ஊர்களில் ஒரு போகக் காசில்தான் வருடம் முழுவதும் ஓட வேண்டும்.

எடுப்பனவுக்குப் பதிலாக மாதாமாதம் ஒரு தொகையைச் 'சம்பளம்' என்று எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். ஒரே அளவாக எடுப்பது மிக நல்ல பழக்கம், நாங்களும் மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையை வங்கியிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். ஆனால் தனிவியாபாரத்தில் அதற்குப் பெயர் சம்பளம் அல்ல. வேலைக்கு நிற்பவருக்குக் கொடுப்பது சம்பளம். அதோடு தொழில்தருநர் என்ற வகையில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டுவதும் கடைச் செலவு. உரிமையாளர் தனக்குத் தானே ஊழியர் ஆக முடியாது. கம்பனியாகப் பதிவுசெய்தால் கம்பனி வேறு ஆள், இயக்குநர் அதனிடம் சம்பளம் வாங்கலாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்த கடைக்கு அது பொருந்தாது.

வருமான வரியிலும் இது நேரடியாக வருகிறது. வரி இலாபத்துக்கு உரியது, எடுத்த தொகைக்கு அல்ல. ஒரு சதமும் எடுக்காமல் கடையிலேயே விட்டாலும் இலாபம் உரிமையாளரின் வருமானம். இலாபத்தைவிடக் கூடுதலாக எடுத்தாலும் கூடுதலாக எடுத்ததற்கு வரி இல்லை. எடுப்பனவைச் செலவாகக் கழித்தால் அந்த அளவுக்கு இலாபத்தைக் குறைத்துக் காட்டியதாகும். வரியாண்டு ஏப்ரல் 1 இலிருந்து மறு வருடம் மார்ச் 31 வரை. வரி விபரத்திரட்டை நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டிலிருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடப்படும் வருமானம், 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாகக் கூட்டப்பட்டிருப்பதால் எங்களைப் போன்ற பல கடைகளுக்கு வரியே வராது. வராது என்று காட்டுவதற்கும் இலாபம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். வரி கட்டும் நிலை வந்தால், கடையின் வங்கிக் கணக்கிலிருந்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும் அந்த வருமான வரியும் எடுப்பனவுதான், ஏனென்றால் அது உரிமையாளர் என்ற ஆளின் வரி. பிரதேச சபைக்குக் கட்டும் வியாபார அனுமதிப் பத்திரக் கட்டணம் அப்படியல்ல, அது கடைச் செலவு.

சகோதரங்கள் இருவர் சேர்ந்து நடத்தும் கடையில் எடுப்பனவை எடுப்பவரின் பெயரில் பிரிப்பது கட்டாயம்: உரிமை:அண்ணன்:எடுப்பனவு, உரிமை:தம்பி:எடுப்பனவு. எழுத்தில் உடன்படிக்கை எதுவும் இல்லாவிட்டால் இங்கே 1890 ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டம்தான் பேசும். அதன்படி இலாபம் சமபங்கு, எவருக்கும் சம்பளம் இல்லை, எடுப்பனவுக்கு வட்டியும் இல்லை. ஒருவர் கூட எடுக்கிறார் என்ற மனக்கசப்பு வந்த பிறகு கொப்பியைத் தேடுவதைவிட, தொடக்கத்திலேயே இருவரும் ஒரே கோப்பைத் தத்தம் கைத்தொலைபேசியில் பார்க்கும்படி வைப்பது நல்லது.

கடைசியாக வருட முடிவு. எடுப்பனவுக் கணக்குகள் வருடாவருடம் கூடிக்கொண்டே போகாமல் மார்ச் 31 இல் அவற்றை முதலுக்குள் மூடிவிடலாம்:

2025-03-31 எடுப்பனவை முதலுக்கு மாற்றியது
    உரிமை:முதல்      318000
    உரிமை:எடுப்பனவு:வீடு      -184000
    உரிமை:எடுப்பனவு:படிப்பு      -96000
    உரிமை:எடுப்பனவு:பொருள்      -38000

இப்படி மூடிய பின்னர் அந்த வருடத்துக்கான எடுப்பனவு அறிக்கையை எடுத்தால் எல்லாம் பூச்சியமாக வரும், ஏனென்றால் மூடும் பதிவும் அதே வருடத்துக்குள் விழுகிறது. அறிக்கையை மார்ச் 30 வரை எடுத்தால் கடைசி நாளின் எடுப்பனவு விடுபட்டுப் போகும். ஆகவே மூடும் பதிவின் விபரத்தில் எப்போதும் ஒரே சொற்களை வைத்து, அறிக்கை எடுக்கும்போது அந்தச் சொற்கள் உள்ள பதிவை விலக்கச் சொல்லி நிரலுக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். திகதி எல்லை கொடுத்தே எந்த வருடத்தையும் தனியாகப் பார்க்க முடிகிறது என்பதால் மூடாமலே விட்டாலும் பிழையில்லை; கணக்காளரிடமோ வங்கியிடமோ ஐந்தொகை கொடுக்க வேண்டிய கடைகள் மூடட்டும், மற்றவர்கள் அந்த வேலையை விட்டுவிட்டு ஏப்ரல் 1 ஆம் திகதி புதிய வருடத்துக்கான கோப்பை லாச்சியில் எண்ணிய காசோடும் மற்றச் சொத்து, பொறுப்பு மீதிகளோடும் தொடங்கலாம்.